பி. சீனிவாசராவ்

பி. சீனிவாசராவ் (1907 - செப்டம்பர் 30, 1961) தஞ்சை மாவட்டத்தில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டியெழுப்பிய பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஆவார். பி.எஸ்.ஆர். என்ற சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறார்.

தொடக்க வாழ்க்கை

இவர் தென் கன்னடப் பகுதியில் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். காந்தியின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். சென்னையில் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். சிறையில் அமீர் ஐதர் கானுடன் ஏற்பட்ட தொடர்பு இவரைப் பொதுவுடைமைக் கொள்கையின்பால் ஈர்த்தது.

தஞ்சையில் பணி

1943 ஆம் ஆண்டு கட்சி இவரைத் தஞ்சை மாவட்டத்திற்கு அனுப்பியது. இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களும் அப்போது அதில் அடங்கியிருந்தன. காவிரிப் பாசன நன்செய் நிலங்களின் பெரும்பகுதி மிராசுதாரர்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. அவற்றில் உழைத்த பண்ணையாட்களுள் மிகப் பெரும்பாலானோர் தாழ்த்தப்பட்ட மக்கள். வேலைக்குத் தாமதமாக வந்தாலும் சாட்டையடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் 'சாணிப்பால்' தண்டனையும் வழங்கப்பட்டன.

சீனிவாசராவ் சேரிகளிலேயே தங்கி, அம்மக்களோடு உண்டு, சங்கக் கிளைகளை அமைத்தார். மன்னார்குடி வட்டம் தென்பரையில் தொடக்கக் கிளைகளுள் ஒன்று உருவானது. 1944 ஆம் ஆண்டு மன்னார்குடியில் அரசு அலுவலர்கள் முன்னிலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சாட்டையடியும் சாணிப்பாலும் கைவிடப்பட்டன. முத்திரையிட்ட மரக்காலால் கூலி நெல்லை அளக்கவும் இசைவு ஏற்பட்டது. அதுவரை மிராசுதாரர் வைத்திருந்த மரக்காலே அளவாக இருந்தது.

1948 ஆம் ஆண்டு தொடங்கிய அடக்குமுறைக் காலத்தில் இவர் தலைமறைவாக இயங்கினார். இவருடைய இயக்கத்தைச் சேர்ந்த வாட்டாக்குடி இரணியன், சாம்பவானோடை சிவராமன் ஆகிய இளைஞர்கள் 1950 ஆம் ஆண்டு காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கருத்துகள்

சாதி இழிவும் நில உடைமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பது இவரது நிலைப்பாடு. ஆகவே கூலி உயர்வுக் கோரிக்கையையும் தீண்டாமை எதிர்ப்பையும் ஒரே போராட்டமாக நடத்தினார். குத்தகை விவசாயிகளும் பண்ணையாட்களும் ஒரே சங்கத்தில் இணைய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 'தஞ்சையில் நடப்பதென்ன?' இவர் எழுதிய நூலாகும்.

சட்டங்கள்

இப்போராட்டங்களின் பின்னணியில் 1952 ஆம் ஆண்டு இராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு உரியதாயிற்று. பண்ணையாட்களை விருப்பம்போல் வெளியேற்றுவதற்கும் தடை விதிக்கப்பட்டது. எனினும் ஓர் ஊரில் 6⅔ ஏக்கருக்கும் குறைவாக நிலம் உடையோருக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. இதனால் நிலத்தைப் பலர் பெயரில் பிரித்தெழுதித் தப்பிக்க வழி இருந்தது.

1961 ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்ட முன்வடிவு, ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 30 தர ஏக்கர் என வரம்பிட்டது. அதிலிருந்த விலக்குகளை எதிர்த்து விவசாயிகள் சங்கம் மறியல் நடத்தியது. அப்போராட்டக் காலத்திலேயே சீனிவாசராவ் காலமானார். இவரது நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் உள்ளது.

பிற்காலத் தாக்கம்

கூலி நெல் குறித்த பிணக்கு இவருக்குப் பின்னரும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அதன் பின்னர், 1969 ஆம் ஆண்டு, நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.