உலகப் புகையிலைக் கண்காணிப்புத் தரவுகளின் வரலாறு

உலக நாடுகளில் எத்தனை பேர் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர், அதைக் கட்டுப்படுத்த அரசுகள் என்ன செய்கின்றன என்பவற்றைத் தொடர்ந்து கணக்கெடுப்பது புகையிலைக் கண்காணிப்பு எனப்படும். இதன் முடிவுகள் இன்று இணையத் தரவுத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பின்னணி

1950-இல் பிரித்தானியாவில் ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகியோரும் வெளியிட்ட ஆய்வுகள் புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டின. தீமை தெரிந்த பின், யார் யார் பயன்படுத்துகின்றனர் என்ற கேள்வி எழுந்தது. சிகரெட் விற்பனைக் கணக்கு இதற்கு ஓரளவே உதவியது. அதில் மெல்லும் புகையிலை சேராது. புகைப்பவரின் வயதும் பாலினமும் தெரியாது. தனித்தனியாக எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளிலும் கேள்விகளும் வயது வரம்பும் வேறுபட்டதால், நாடுகளை ஒப்பிட முடியவில்லை.

பொது வினாத்தாள்

உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்களும் இணைந்து, 1999-இல் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பைத் தொடங்கின. 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்கள் பள்ளியிலேயே, பெயர் எழுதாமல் விடையளித்தனர். 2007-இல் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு உருவானது. இதில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வீடு தேடிச் சென்று கேட்டு, கையடக்கக் கருவியில் விடைகளைப் பதிந்தனர். முதற்கட்டமாக இந்தியா, சீனா, வங்கதேசம், பிரேசில் உள்ளிட்ட 14 நாடுகளில் இது நடைபெற்றது.

உடன்படிக்கையும் இணையமும்

2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை, கண்காணிப்பையும் அறிக்கை அளிப்பதையும் உறுப்பு நாடுகளின் கடமையாக்கியது. அந்த அறிக்கைகள் இணையத்தில் தொகுக்கப்படுகின்றன. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஆறு நடவடிக்கைகளில் முதலாவது கண்காணிப்பே. கணக்கெடுப்புகளின் வினாத்தாள்களையும் மூலத் தரவுகளையும் பதிவிறக்கும் வசதி வந்ததால், ஒரு நாட்டின் புள்ளிவிவரங்களைப் பிற நாட்டு ஆய்வாளரும் மாணவரும் சரிபார்க்க முடிந்தது.

இந்தியா காட்டும் பாடம்

இந்தியாவில் முதல் வயதுவந்தோர் கணக்கெடுப்பு 2009-10-இல் நடந்தது. அதன்படி, பெண்களில் புகைப்போர் 2.9 விழுக்காடு மட்டுமே. ஆனால் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோர் 18.4 விழுக்காடு. "புகைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தால், வாயில் புகையிலையை அடக்கும் கோடிக்கணக்கான பெண்கள் கணக்கில் வந்திருக்கவே மாட்டார்கள். வாய்ப்புற்றுநோய் மிகுந்த நாட்டில் இது சிறிய விடுபாடு அன்று.

2016-17-இல் நடந்த இரண்டாம் கணக்கெடுப்பில், நாட்டில் புகையிலை பயன்படுத்தும் வயதுவந்தோர் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். அதே காலத்தில் தமிழ்நாட்டில் இது 16.2-இலிருந்து 20.0 விழுக்காடாக உயர்ந்திருந்தது. 2013-இலேயே குட்காவுக்குத் தடை விதித்த மாநிலம் இது. நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தவருக்கு இந்த உயர்வு தெரிந்திருக்காது. சட்டம் இருப்பது வேறு, அது பலன் தருவது வேறு என்பதை மாநில வாரியான தரவே காட்டியது.

குறைகள்

இக்கணக்கெடுப்புகள் மக்கள் தாமே சொல்லும் விடைகளைச் சார்ந்தவை. வெட்கத்தாலோ அச்சத்தாலோ சிலர் மறைக்கக்கூடும். செலவு மிகுதி என்பதால் அடிக்கடி நடத்துவதும் கடினம். இரு கணக்கெடுப்புகளுக்கு இடையே சந்தைக்கு வரும் புதிய பொருட்கள் அடுத்த முறை கேட்கப்படும் வரை பதிவாவதில்லை. ஆகவே இத்தரவைப் படிப்பவர் எண்ணோடு சேர்த்து, எந்த ஆண்டில், யாரிடம், என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.