ரெண்டரிங்கில் உள்ளறை வெளிச்சம்

கட்டடம் எழும்பும் முன்பே அதன் அறைகளைப் படமாகக் காட்டும் ரெண்டரிங் மென்பொருள்களில் ஏற்படும் ஒளிக் கோளாறுகளும் அவற்றின் திருத்தமும் இங்கே. வி-ரே, என்ஸ்கேப், லூமியன் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்றவை. ஒளி சுவருக்குச் சுவர் தாவிப் பரவுவதைக் கணக்கிட ஜேம்ஸ் கஜியா 1986இல் வகுத்த சமன்பாடே இன்றும் அடித்தளம்.

அறை காரணமின்றி இருண்டால் முதலில் அளவலகைப் பார்க்க வேண்டும். பத்தடி அறை 120 அங்குலம். மென்பொருள் அதை 120 மீட்டராகப் படித்துவிட்டால், தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஒளி தேய்ந்து, அதே விளக்கின் வெளிச்சம் தரையில் சுமார் 1,550இல் ஒரு பங்காகிவிடும். விளக்கின் திறனைக் கண்டபடி கூட்டுவது இதற்கு மருந்தல்ல.

படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது, ஒளியைக் கணக்கிட மென்பொருள் செலுத்தும் மாதிரிக் கதிர்கள் போதாமையால். தூய வெள்ளைச் சுவர் படத்தை வெளுக்கச் செய்யும். நிஜ வெள்ளைப் பெயின்ட் ஏறத்தாழ 80 சதவீத ஒளியையே திருப்பி அனுப்புகிறது.

ஜன்னல் வெயில் சரியாக விழ, மென்பொருளில் இருப்பிடமும் சரியாக இருக்க வேண்டும். உதாரணமாக, தாம்பரம் சுமார் 12.9 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஜூனில் வடக்கே சாயும். மென்பொருளில் ஐரோப்பிய நகரம் ஒன்று இருப்பிடமாக இருந்தால் வடக்கு ஜன்னலில் அந்த நண்பகல் வெயில் விழவே விழாது.

இதைவிடப் பெரிய பிழை, பக்கத்து வீட்டை வரையாமல் விடுவது. சேலையூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் ஜன்னலைத் திறந்தால் சில அடியில் அடுத்த சுவர். அதையும் சன்ஷேடையும் கிரில்லையும் சேர்த்தால்தான், பகலிலும் டியூப்லைட் போட வேண்டிய படுக்கையறையை வீடு வாங்குபவர் முன்கூட்டியே காண்பார்.