தங்கையிடம் கேட்டனுப்பிய அண்ணன்



1919-ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதத் தொடக்கம். போர்த்துக்கல் நாட்டின் பாத்திமா பங்கைச் சேர்ந்த அல்ஜுஸ்திரல் என்னும் சிற்றூர். அங்கே ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் நோயாய்க் கிடக்கிறார்கள். அண்ணன் பிரான்சிஸ்கோ மார்த்தோவுக்கு இன்னும் 11 வயது நிறையவில்லை. தங்கை ஜசிந்தாவுக்கு 9 வயது. முதல் உலகப் போரின் முடிவில் நாடு நாடாகப் பரவிய விஷக் காய்ச்சல் 1918 அக்டோபரில் அவர்கள் வீட்டிற்குள்ளும் நுழைந்தது. அதன்பின் இந்த இரு பிள்ளைகளும் முழு நலம் பெறவே இல்லை.

இவர்களையும், இவர்களுடைய தாய்மாமன் மகள் லூசியாவையும் நாம் அறிவோம். 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை அன்னை மரியாவின் காட்சியைக் கண்ட பிள்ளைகள் இவர்கள். ஆனால் அண்ணன், தங்கை என்ற முறையில் இவர்களை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இருவருக்கும் குணத்தில் ஒற்றுமையே இல்லை என்று பிற்காலத்தில் லூசியா எழுதினார். பிரான்சிஸ்கோ அமைதியானவன். விளையாட்டில் வென்றாலும், யாராவது சண்டைக்கு வந்தால் விட்டுக்கொடுத்துவிடுவான். தனியே உட்கார்ந்து குழல் ஊதுவது அவனுக்குப் பிடிக்கும். ஜசிந்தாவோ துறுதுறுப்பானவள், சட்டென்று கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காட்சிகளின்போதும் இந்த வேறுபாடு இருந்தது. லூசியா அன்னையைக் கண்டாள், கேட்டாள், பேசினாள். ஜசிந்தா கண்டாள், கேட்டாள். பிரான்சிஸ்கோ கண்டான், ஆனால் அன்னையின் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. அன்னை சொன்னதை மற்ற இருவர் வாயிலாகவே அவன் தெரிந்துகொண்டான். தங்கை கேட்டதைத் தான் கேட்கவில்லையே என்று அவன் பொறாமைப்படவில்லை. அவள் சொன்னதை நம்பினான்.

முதல் காட்சியைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று மூவரும் பேசிவைத்திருந்தார்கள். ஜசிந்தாவால் அடக்க முடியவில்லை. அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் பிரான்சிஸ்கோவை விசாரித்தபோது, அவன் தங்கையைப் பொய்க்காரி ஆக்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்றான்.

ஆகஸ்டு மாதம் உள்ளூர் நிர்வாக அதிகாரி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய், இரகசியத்தைச் சொல்லாவிட்டால் கொதிக்கும் எண்ணெயில் போடுவதாக மிரட்டினார். சிறையில் ஜசிந்தா அம்மாவை நினைத்து அழுதாள். அம்மாவை இனிப் பார்க்க முடியாமலே போனாலும், பாவிகள் மனம் திரும்புவதற்காக அதையும் ஒப்புக்கொடுப்போம் என்று அண்ணன் அவளைத் தேற்றினான்.

இனி, நோயுற்ற அந்த வீட்டிற்குத் திரும்புவோம். பிரான்சிஸ்கோ சாகக் கிடக்கிறான். ஒப்புரவு அருளடையாளம் பெற வேண்டும், பங்குத்தந்தை வரவேண்டும். அதற்கு முன் அவன் லூசியாவை அழைத்தான். தான் ஏதாவது பாவம் செய்ததை அவள் பார்த்திருக்கிறாளா என்று கேட்டான். வீட்டில் இருக்கச் சொன்ன அம்மாவின் சொல்லைக் கேட்காமல் சில தடவை ஓடிவந்ததை அவள் நினைவூட்டினாள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டவன், தங்கைக்கு வேறு எதுவும் நினைவிருக்கிறதா என்று போய்க் கேட்டுவரச் சொன்னான்.

நோய்ப்படுக்கையில் இருந்த ஜசிந்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொல்லியனுப்பினாள்: அன்னையின் காட்சிக்கு முன்பு, ஓர் இசைக்கருவி வாங்குவதற்காக அப்பாவிடமிருந்து ஒரு நாணயத்தை எடுத்தான், நம் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்மேல் கல்லெறிந்தபோது அவனும் எறிந்தான். அண்ணன் கோபப்படவில்லை. இவற்றை முன்பே அறிக்கையிட்டிருந்தாலும் மறுபடியும் அறிக்கையிடுவதாகச் சொன்னான். ஒப்புரவு பெற்றான், ஏப்ரல் 3 அன்று நற்கருணை உட்கொண்டான், மறுநாள் 4-ஆம் தேதி இறந்தான். நோயின் காரணமாகத் தங்கையால் அடக்கத்திற்கும் போக முடியவில்லை. அண்ணனை நினைத்து அவள் அழுதுகொண்டே இருந்தாள். 1920 பிப்ரவரி 20 இரவு, லிஸ்பன் மருத்துவமனையில், வீட்டார் யாரும் அருகில் இல்லாமல் அவளும் இறந்தாள்.

அன்பு நேயர்களே, உடன்பிறந்தவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. நாம் எடுத்த காசு அவர்களுக்குத் தெரியும். எறிந்த கல்லும் தெரியும். இந்த அறிவை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? சொத்துப் பங்கு பிரிக்கும் நாளில், திருமண வீட்டில் சண்டை வரும் நாளில், இருபது ஆண்டுக்கு முந்தைய குற்றங்களையெல்லாம் ஊரார்முன் எடுத்து வீசுகிறோம். தங்கை அண்ணன் வீட்டுப் படி மிதிப்பதில்லை. அண்ணன் தங்கை பிள்ளையின் திருமணத்திற்குப் போவதில்லை.

ஜசிந்தாவும் அண்ணனின் குற்றங்களை நினைவில் வைத்திருந்தாள். ஆனால் அவன் கேட்டபோது மட்டும், அவனுடைய மீட்புக்காக மட்டும், அவற்றைச் சொன்னாள். ‘என் அண்ணன் ஒரு குறையும் இல்லாதவன்’ என்று முகத்துக்காகவும் சொல்லவில்லை. பழி தீர்க்கவும் சொல்லவில்லை. அவனும் ‘நேற்றுப் பிறந்தவள், இவள் எனக்குச் சொல்வதா?’ என்று நினைக்கவில்லை. மன்னிப்புப் பெறப் போகிறவன், தன்னை நன்றாக அறிந்த தங்கையின் உதவியை நாடினான்.

2017 மே 13 அன்று, பாத்திமாவில், திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஒரே பேராலயத்தில், பீடத்தின் இரு பக்கங்களிலும் அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. பிப்ரவரி 20 இருவருக்கும் திருவிழா.

இந்த வாரம் நம் அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒருமுறை தொலைபேசியில் பேசுவோம். பேச்சு நின்றுபோன வீடாக இருந்தால், முதலில் நாம் கூப்பிடுவோம். அவர்கள் நம் குறையைச் சொன்னால், பிரான்சிஸ்கோவைப் போலக் கேட்டுக்கொள்வோம். நாம் சொல்ல வேண்டியிருந்தால், ஜசிந்தாவைப் போலக் கொஞ்ச நேரம் யோசித்து, அன்போடு சொல்வோம்.

புனித பிரான்சிஸ்கோவே, புனித ஜசிந்தாவே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.