அம்மா என்ற சொல்லுக்கு ஐந்து எண்கள்

என் அண்ணன் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. 1998-ல் அவர் எங்கள் ஊரைப் பற்றி இருபது பக்கம் எழுதி, டிடிபி கடையில் கொடுத்து டைப் செய்து, ஃபிளாப்பியில் வாங்கி வைத்திருந்தார். பிறகு யாரோ அதைப் பென்டிரைவில் ஏற்றியிருக்கிறார்கள். போன மாதம் அண்ணன் மகன் திறந்து பார்த்தான். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. "சித்தப்பா, ஃபைல் கெட்டுப்போச்சு" என்றான்.

கெட்டுப்போகவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று மனிதர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். 1960-களில் அமெரிக்காவில் அப்படி ஒரு பட்டியல் போட்டார்கள். அதன் பெயர் ஆஸ்கி. மொத்தம் 128 இடங்கள். பெரிய 'ஏ'க்கு 65, சின்ன 'எம்'முக்கு 109. ஆங்கிலத்துக்கு அது போதும். பிறகு ஒரு பைட்டில் 256 இடம் கிடைத்தபோதும், ஆங்கிலம் போக மீதி 128 தான். நமக்கோ 247 எழுத்துகள்!

அதனால் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எண்ணை மாற்றாமல், எழுத்தின் படத்தை மட்டும் மாற்றினார்கள். உதாரணமாக, பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது 109, 107, 59, 107, 104. அதாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருந்தால் திரையில் 'அம்மா' தெரியும். இல்லாவிட்டால் குப்பை மாதிரி தெரியும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, இணையத் தமிழர்கள் டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, டாம், டாப் என்ற குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது.

நிலைத்தது யூனிகோட். முதல் பதிப்பு 1991-ல் வந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே பட்டியல். அதில் 2944 முதல் 3071 வரை தமிழுக்கு. இங்கேயும் 128 இடம்தான். இந்தியாவின் இஸ்கி குறியீட்டை ஒட்டி, எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சில் வார்த்தார்கள். ஆகவே 'க'வுக்கு 2965, அடுத்த 'ங'வுக்கு 2969. நடுவே மூன்று இடம் காலி. அவை வட எழுத்துகளின் மற்ற மூன்று 'க'களுக்கான இடங்கள். அகரம் ஏறியவை தவிர மற்ற உயிர்மெய்க்கும் மெய்க்கும் தனி எண் இல்லை. 'ம்' என்றால் 'ம'வும் புள்ளியும் சேர்ந்து இரண்டு எண்.

மெய்தானே முதல், அதை 'அகரம் ஏறிய எழுத்து, மேலே புள்ளி' என்று எழுதலாமா என்று பலர் வருத்தப்பட்டார்கள். நியாயமான வருத்தம். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ் 16 குறியீட்டை யூனிகோடோடு சேர்த்து 2010-ல் தமிழக அரசு ஏற்றது. ஆனாலும் நம் கைபேசியில் ஓடுவது யூனிகோட்தான். இலக்கணக் குறை இருந்தாலும், சென்னையில் அடித்தது டொராண்டோவிலும் தமிழாகவே தெரிகிறதே!

அண்ணன் ஃபைலுக்கு வருகிறேன். எந்த எழுத்துரு என்று டிடிபி வேலை தெரிந்த ஒரு தம்பி கண்டுபிடித்து, மாற்றியில் போட்டுக் கொடுத்தார். இருபது பக்கமும் திரும்பி வந்தது. முதல் சொல்லே 'அம்மா'. இப்போது அதன் எண்கள் 2949, 2990, 3021, 2990, 3006.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய ஃபைல் இருக்கலாம். எழுத்துருவின் பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே மாற்றி வையுங்கள். காகிதத்தில் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். நான் எடுத்துவிட்டேன்.