பதிவேடு

அழுந்தச் சுவடுபடுதலைக் குறிக்கும் ‘பதி’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘பதிவு’, ஓலையைச் சுட்டும் ‘ஏடு’ என்பதனோடு புணர்ந்தமைந்த சொல். விவரங்களை முறையே குறித்துக் காக்கும் புத்தகம் என்பது பொருள்.

டொராண்டோ நகரத்துப் பார்க்டேலில் இதற்குச் சட்டவழியான விசேஷப் பொருளொன்றும் உண்டு. 1988-இல் பாலியல் குற்றவாளியொருவனால் கொலையுண்ட 11 வயதுச் சிறுவனின் நாமத்தைத் தாங்கி, அந்நகரம் அமைந்த ஒன்டாரியோ மாகாணத்தில் 2001-இல் அமலுக்கு வந்த கிறிஸ்டோபர் சட்டத்தின்படி, பாலியல் குற்றத்துக்காகத் தண்டனையுற்று அங்கு வசிப்பவர், விடுதலையான 7 நாட்களுக்குள்ளும், முகவரி மாறுந்தோறும், ஆண்டுக்கொரு முறையும் காவல்துறையினர்முன் நேரில் தோன்றித் தம் விவரங்களை இப்பதிவேட்டில் பதிவு செய்தல் வேண்டும்; இக்கடமை, குற்றத்தின் தன்மைக்கேற்ப, 10 ஆண்டோ ஆயுட்காலம் முழுதுமோ நீடிக்கும். அமெரிக்க மாநிலங்களில் பொதுஜனங்களும் பார்க்கக்கூடியதாகிய இத்தகைய ஏடு, இங்கே காவல்துறையினருக்கு மாத்திரமே உரியது.