அரம் பிடித்த கைகள்

மரம் அறுக்கும் செயின்சா, புல் வெட்டும் இயந்திரம் இரண்டின் வரலாறும் பெரும்பாலும் காப்புரிமை வாங்கியவர்கள், ஆலை நடத்தியவர்கள் ஆகியோரின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்படுகிறது. வாங்கிய கருவியைப் பிரித்துப்போட்டு, அரத்தால் ராவி, இன்ஜினை மாற்றிப் பூட்டியவர்களுக்கு அதில் இடமில்லை. பந்தயத்துக்காகவும் காடு திருத்துவதற்காகவும் செய்யப்பட்ட இத்தகைய மாற்றங்களை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்குவது தவறு. இந்தக் கருவிகள் பிறந்ததே வேறொன்றை மாற்றியமைத்ததால்தான். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையரில் ஸ்ட்ரௌட் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர்போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நூலிழைகளைச் சீவி எடுக்க, கத்திகள் பொருத்திய உருளை ஒன்று அங்கே சுழன்றுகொண்டிருந்தது. அதே உருளையைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் புல்லின் மேல் ஓட்டினால் என்ன என்று யோசித்தவர் எட்வின் பட்டிங். 1830இல் காப்புரிமை பெற்ற அவருடைய புல் வெட்டும் இயந்திரத்தில் புதிதாகக் கண்டுபிடித்த பாகம் என்று சொல்ல அதிகமில்லை. துணிக்கானதைப் புல்லுக்குத் திருப்பியதுதான் அவருடைய சாதனை.

செயின்சாவின் கதை இதைவிடத் தெளிவானது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தையும் 1929இல் பெட்ரோல் ரம்பத்தையும் செய்தார். இவை பொறியாளர்களின் வேலைதானே, மரம் வெட்டுபவருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ரம்பங்களை இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவற்றின் செயினோ பழைய கைரம்பத்தின் பற்களை வளையமாகக் கோத்ததைப் போன்றது. மரத்தை அது செதுக்கவில்லை, கீறியது. பற்கள் சீக்கிரம் மழுங்கின. அரத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டிய நிலை. இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் ஆரெகனில் மரம் வெட்டிப் பிழைத்த ஜோ காக்ஸ். 1946இல் ஒரு மரத்தின் அடிக்கட்டையில், உளுத்த மரத்தைக் குடையும் வண்டின் புழு வேலை செய்வதை அவர் கவனித்தார். அதன் தாடைகள் மரத்தை இடமும் வலமுமாக மாறி மாறிச் செதுக்கின. நார் ஓடும் திசையிலும் குறுக்கிலும் அதற்கு ஒன்றுபோலத் தடையில்லை. போர்ட்லண்டில் தன் வீட்டின் நிலவறையில் அந்தத் தாடையின் வளைவை எஃகில் அவர் வடித்தார். 1947இல் விற்பனைக்கு வந்த அந்தச் செயினின் அமைப்பே இன்றும் உலகெங்கும் செயின்சாக்களில் ஓடுகிறது. ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு திமில் நிற்கும். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அந்தத் திமிலின் உயரம் தீர்மானிக்கிறது. அதை மயிரிழை அளவு ராவினால் ரம்பம் அதிகமாகக் கடிக்கும். கூடுதலாக ராவிவிட்டால் கைக்கு அடங்காமல் உதறும்.

பந்தயக்காரர்கள் கை வைப்பது இந்த இடத்திலும் இன்ஜினிலும்தான். 1985இல் தொடங்கிய டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற மரம் வெட்டும் போட்டியில் 'ஹாட் சா' என்றொரு பிரிவு உண்டு. ஸ்னோமொபைல் அல்லது மோட்டார்சைக்கிள் இன்ஜினைப் பூட்டிய ரம்பத்தால், 46 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையிலிருந்து மூன்று வட்டுகளை அறுத்துத் தள்ள வேண்டும். தேர்ந்தவர்கள் இதைச் சில விநாடிகளில் முடித்துவிடுவார்கள். சில விநாடி ஓடும் இயந்திரத்தால் காட்டில் உழைப்பவனுக்கு என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. அந்த ரம்பத்தை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோக முடியாது, உண்மைதான். ஆனால் பந்தயமும் தொழிலும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. 1956இல் ஆர்ட் இங்கல்ஸ் செய்த முதல் கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியில் இருந்தது புல் வெட்டும் இயந்திரத்துக்கான இன்ஜின். மூன்றே ஆண்டுகளில் மக்கல்லக் நிறுவனம் தன் செயின்சா இன்ஜினைத் திருத்தி, கார்ட்டுக்கென்றே விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1973இல் தொடங்கிய புல்வெட்டி ஓட்டப் பந்தயத்தில் பாதுகாப்புக்காகப் பிளேடுகளைக் கழற்றிவிடுவார்கள். பணம் படைத்தவர் மட்டுமே ஜெயிக்கும் நிலை வரக்கூடாது என்பதற்காக இன்ஜினில் கை வைக்கவும் தடை. அதனால் போட்டியாளர்களின் கவனமெல்லாம் அச்சு, ஸ்டியரிங், பல்சக்கர விகிதம் என்று திரும்பியது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடும் இந்தக் கூட்டத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் மிக வலுவான மறுப்பு இனிமேல்தான். மாற்றியமைத்தவர்கள் தேடியது வேகத்தை மட்டுமே. ரம்பம் எகிறி முகத்தில் பாயும்போது செயினை நிறுத்தும் பிரேக்கும், விரல்களை மரத்துப்போக வைக்கும் அதிர்வைக் குறைக்கும் கைப்பிடியும் பரவலானது தொழிற்சாலையாலும் அரசு விதிகளாலும்தான். இதை மறுக்க என்னிடம் சான்று இல்லை, மறுக்கவும் மாட்டேன். நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிற்காலத்தில் மாநில முதல்வரான ஜோ பெல்க்-பீட்டர்சன், அதற்கு முன்பு காடு திருத்தும் ஒப்பந்தக்காரராக இருந்தார். இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கனத்த நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களைச் சாய்க்கும் முறையில் அவர் பேர்போனவர். கப்பலின் சங்கிலியைக் காட்டுக்குத் திருப்பியதும் பட்டிங் செய்ததைப் போன்ற அதே சாமர்த்தியம்தான். அங்கிருந்த ப்ரிகலோ என்ற வேலமர வகை லேசில் சாகாது. சாய்த்த பின்னும் வேரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அதனால் சாய்த்ததைக் காயவிட்டுக் கொளுத்தி, புல் விதைத்து, மறுபடி துளிர்த்ததை உழுது அறுத்தார்கள். 1962இல் மாநில அரசே இதற்கெனச் சட்டம் இயற்றிப் பெருந்திட்டமாக நடத்தியது.

ஆகவே சங்கிலியை மாற்றிக் கட்டியவரின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. அந்தத் திறமைக்கு எல்லையில்லாத நிலத்தைக் கொடுத்தது அரசு, எல்லை வகுக்க வேண்டியதும் அரசுதான். அந்த எல்லை மிகத் தாமதமாக வந்தது. தாவர மேலாண்மைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. பெரிய அளவில் காடழிப்பது 2006 இறுதியில்தான் நிறுத்தப்பட்டது. அதற்குள் ப்ரிகலோ காட்டின் பழைய பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருந்தது.