உப்பு இறங்கிய ஆறு

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே கார்பாத்திய மலைத்தொடர் வில்லென வளைந்து கிடக்கின்றது. அதன் வடகிழக்கு மூலையில், பழைய ஹங்கேரி இராச்சியத்துக்கு உட்பட்டு, மாராமரோஷ் என்னும் மாவட்டம் இருந்தது. அந்நாட்டார் தம் மாவட்டங்களை ‘வார்மெக்யே’ என வழங்கினர். ‘வார்’ என்றால் கோட்டை. ஆயினும், மாராமரோஷின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோட்டையைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. திஸா ஆற்றங்கரையில் நின்றாற் போதும்.

கருந்திஸா, வெண்திஸா என்னும் இரு மலையாறுகள் ராஹிவ் என்னும் ஊரருகே ஒன்றுகூடி, காடடர்ந்த பள்ளத்தாக்கினூடே மேற்கு நோக்கிப் பாய்கின்றன. உழுவதற்கேற்ற நிலம் ஆற்றோரத்திலன்றி அங்கு அரிது. ஆனால் மண்ணின் அடியிலோ பாறை பாறையாக உப்பு! ஸ்லத்தினா, ரோனசேக் முதலிய இடங்களில் வெட்டியெடுத்த அவ்வுப்பு அரசனின் தனியுரிமைப் பொருள். மலையில் வீழ்த்திய மரங்களைத் தெப்பமாகப் பிணைத்து, அதன்மேல் உப்பை ஏற்றி, ஹங்கேரியச் சமவெளி நகரங்களுக்கு அனுப்பினர். சிற்றோடைகளிலே மரத்தால் அணை கட்டி, நீரைத் தேக்கிவைத்து, வேண்டும்போது திறந்துவிட்டு மரங்களை ஆற்றுக்கு இறக்கினராம். தெப்பம் போய்ச் சேர்ந்த இடத்தில் உப்பும் விற்பனையாயிற்று, மரமும் விற்பனையாயிற்று. சிக்கனமான ஏற்பாடுதான்!

1329ஆம் ஆண்டில் காரொளி ரொபெர்த் மன்னர் விஷ்க், ஹுஸ்த், தேச்சோ, ஹொஸ்ஸுமெசோ என்னும் நான்கு ஊர்களுக்கு உரிமைச் சாசனம் அளித்தார். பின்னர் சிகெத் ஐந்தாவதாகச் சேர்ந்து மாவட்டத் தலைநகருமாயிற்று. ஊர்களிலே ஹங்கேரியரும் ஜெர்மானியரும் குடியேறினர். மலைகளிலே ருமேனியரும் ருத்தேனியரும் மந்தை மேய்த்தனர். 1359ஆம் ஆண்டளவில் பொக்தான் என்னும் மாராமரோஷ் ருமேனியத் தலைவன் மன்னனோடு மாறுபட்டு, மலையைக் கடந்து சென்று மோல்தாவியாவில் தனியாட்சி நிறுவினான். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து கலீசியாவினின்று யூதரும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர்.

1910ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மாவட்டத்தில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவருள் ருத்தேனியரே மிகுதி. யூதர் வீட்டிலே பேசிய யித்திஷ் மொழிக்கு அக்கணக்கில் தனி இடம் அளிக்கப்படவில்லை. பேசியோரிற் பெரும்பாலோரை ஜெர்மானிய மொழியினர் என்றே எழுதிக்கொண்டனர். கணக்கெடுப்போர் வகுக்கும் பிரிவுகளுக்குள் மக்கள் எப்பொழுதும் அடங்கிவிடுவதில்லை போலும்.

முதலாம் உலகப்போரில் ஹங்கேரி தோற்றது. 1920ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட திரியனோன் உடன்படிக்கையால் திஸா ஆற்றின் ஒரு பகுதி எல்லைக்கோடாயிற்று. வடக்கிலிருந்த பெரும்பகுதி செக்கோசிலோவாக்கியாவுக்கும், தெற்கிலிருந்த பகுதி ருமேனியாவுக்கும் போயின. சிகெத் நகரம் தென்கரையில். ஸ்லத்தினாவின் உப்புச் சுரங்கமோ எதிரே வடகரையில்! 1872இல் சிகெத்துக்கு வந்த புகையிரதப் பாதையும் பெரிதும் வடபகுதியூடாகவே சென்றது. ஆதலால், ருமேனியப் புகையிரதங்கள் சொந்த நகரை அடைய அயல்நாட்டு நிலத்தைக் கடக்க நேர்ந்தது. ருமேனியாவின் உட்பகுதியிலிருந்து நேரே ஒரு பாதை அமைந்தது 1949இலேதான்.

1939இல் வடபகுதியையும் 1940இல் தென்பகுதியையும் ஹங்கேரி மீண்டும் கைப்பற்றியது. பிரிந்த மாவட்டம் ஒன்றுபட்டது எனச் சிலர் மகிழ்ந்திருக்கலாம். அவ்வாட்சியின் கீழேயே, 1944ஆம் ஆண்டு மே மாதத்தில், சிகெத் யூதர் புகையிரதங்களில் அடைக்கப்பட்டு அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். 1910இல் நகர மக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் யூதர். 1986இல் சமாதானத்துக்கான நொபெல் பரிசு பெற்ற எலி வீசல் அந்நகரிற் பிறந்தவர், அனுப்பப்பட்டோருள் ஒருவர், உயிர் மீண்ட சிலருள்ளும் ஒருவர்.

1945இல் வடபகுதி சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்தது. 1991 முதல் உக்ரேனைச் சேர்ந்தது. சாசனம் பெற்ற ஊர்களுள் விஷ்க், ஹுஸ்த், தேச்சோ ஆகியன உக்ரேனில் உள்ளன. ஹொஸ்ஸுமெசோவும் சிகெத்தும் ருமேனியாவில் உள்ளன. ருமேனியாவில் இன்றும் மாராமுரெஷ் என்றொரு மாவட்டம் உண்டு. பழைய தென்பகுதியோடு வேறு நிலங்களும் சேர்ந்து உருவானது அது. ஸ்லத்தினாச் சுரங்கங்களோ நீர் புகுந்து இடிந்து மூடப்பட்டன. நிலம் உள்வாங்கிய பள்ளங்களில் இன்று உவர்நீர் தேங்கி நிற்கின்றது. சிகெத்தையும் ஸ்லத்தினாவையும் இணைக்கும் பாலம் 2007ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது.